என் வீட்டு வண்டியில் முதலில் தங்கியவர்கள்

என்னைப் பற்றி நானே பெருமையாகப் பேசிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. மற்றவர்கள் பேசட்டும் என்று காத்திருந்தால் ஆயுசு போதாது. அப்படியே பேசினாலும் முக்கியமானதை விட்டுவிடுவார்கள். அதனால் சொல்லவேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைசூர் பன்னிமண்டபத்தில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பாடி கட்டும் என் ஷெட்டைத் தெரியாத டிரைவர் இந்தப் பக்கத்தில் கிடையாது. ஹனூருக்கு அந்தாண்டை ஒரு காட்டோரக் கிராமத்தில், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். (பள்ளிக்கூடம்தான் எனக்கு முழுக்குப் போட்டது என்பாள் என் மனைவி சரோஜா. அவள் அப்போது அந்த ஊரிலேயே இல்லை.) லாரியில் கிளீனராக ஏறினேன். வெல்டிங் கற்றேன். இன்று இன்ஜினியரிங் படித்த பையன்கள் என் ஷெட்டுக்கு வந்து, ஒரு ஜன்னல் சட்டத்தை நான் வளைப்பதை வாய்பிளந்து பார்க்கிறார்கள். என் பிள்ளைகளுக்குக் கன்னடம்தான் எழுத வரும்; ஆகவே இந்தத் தமிழும் நானே எழுதுவது. பிழையிருந்தால் அதுவும் சொந்தச் சம்பாத்தியம்தான்.

இத்தனையும் தெரிந்தவனுக்கு ஒரு வண்டியை ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதா என்று நீங்கள் கேட்கக்கூடாது. தெரியும். அதுதான் வினையே.

லாரிக்காரர்களுக்கு என்று ஒரு பாஷை உண்டு. டிரைவர் பின்னால் எடுக்கும்போது கிளீனர் வண்டியின் பாடியில் கையால் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டோ அதற்கு மேலோ என்றால் போய்க்கொண்டே இரு. மழையிலும் இருட்டிலும் இன்ஜின் சத்தத்திலும் அந்தத் தட்டு ஏமாற்றாது. நான் கிளீனராக இருந்த காலத்தில் தட்டித் தட்டியே என் உள்ளங்கை பலகையாகிவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

சில வருஷங்களுக்கு முன் எல்லோருக்கும் கேரவன் ஆசை வந்தது. வண்டிக்குள்ளேயே படுக்கை, சமையல், குளியல் எல்லாம் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவது. எங்கேயோ கட்டிய கேரவன் ஒன்றை ரிப்பேருக்காக என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளே நான் நிமிர்ந்து நின்றேன், தலை இடித்தது. அன்றைக்கே முடிவு செய்தேன். ஒரு பழைய பள்ளிக்கூட வண்டியை வாங்கி, கூரையை அறுத்து உயர்த்தி, என்னைப் போன்ற ஆறடி ஆளும் கையை மேலே தூக்கிச் சோம்பல் முறிக்கும்படி ஒரு வீட்டு வண்டி கட்டினேன். மடக்குக் கட்டில், சின்ன அடுப்பு, ஒரு கொசுகூட நுழையாத கம்பி வலை ஜன்னல்கள், கூரையில் காற்றை இழுத்து வெளியே தள்ளும் விசிறி. கடைசியாகத்தான் குளியலுக்குத் தண்ணீர் வேண்டுமே என்று கூரைமேல் ஒரு தொட்டியை ஏற்றினேன். வண்டியின் உயரம் எனக்கு விரல் நுனியில் இருந்தது. தொட்டி ஏற்றுவதற்கு முந்தைய உயரம்.

அந்த வண்டியைப் பார்த்து மயங்கியவர் நஞ்சப்பன். கொள்ளேகாலில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், நம்ம பக்கத்து ஆள். மைசூரிலிருந்து கொள்ளேகால் போகும் வழியில் அவர்களுக்கு ஒரு தோட்டம் இருந்தது. அவருடைய அண்ணன் காலமான பிறகு அண்ணி ருக்மணி அதில் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்த்துவந்தார். தோட்டத்தில் கேரவன்காரர்கள் ஒரு ராத்திரி வண்டியை நிறுத்தித் தங்கிப்போகவும் விட்டிருந்தார். பெங்களூரில் வேலையிலிருக்கும் மகள் போனிலேயே அந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்திருந்தாள். நஞ்சப்பனுக்கு அதில் ஒரு பெரிய யோசனை. புழுவை எடுத்துவிட்டு, தோட்டம் முழுவதையும் கேரவன் நிறுத்துமிடமாக்கி, வாடகைக்கு விடும் வண்டிகளையும் தானே வாங்கி வைத்துக்கொள்வது. அண்ணிக்குப் புழு இரண்டு தடவை வரிசையாக நோயில் போய்விட்டதாம். மூன்றாவது தடவையும் போனால் தோட்டத்தை நஞ்சப்பன் போக்குக்கு விட்டுவிடுவதாகவும், கூடு நன்றாக வந்தால் அவர் அதற்குப் பிறகு வாயே திறக்கக்கூடாது என்றும் உறவுக்காரர்கள் முன்னிலையில் பேச்சாகியிருந்தது.

"நீங்க உங்க வண்டிலயே போயி ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கண்ணா. அடுத்த நாள் காத்தால நான் வந்து வண்டியைப் பாக்கறேன். புடிச்சுதுன்னா நாலு வண்டி உங்ககிட்டத்தான்" என்றார் நஞ்சப்பன்.

நாலு வண்டி. அன்று இரவு நான் சரோஜாவிடம் நாற்பது வண்டி என்று சொன்னேன்.

புறப்பட்டோம். டி. நரசிபுரம் தாண்டுவதற்குள் வண்டியில் நான் தொங்கவிட்டிருந்த மல்லிகை வாசனை அட்டையை சரோஜா கழற்றி, டீக்கடைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டாள். அந்த வாசனையில் அவளுக்குக் குமட்டுமாம். அது ஒரு நல்ல கேரவனுக்கு இருக்கவேண்டிய லட்சணம் என்று நான் தோட்டம் போய்ச் சேரும்வரை வாதாடினேன்.

தோட்டத்து வாசலில் ருக்மணி நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, தலையில் துண்டு கட்டி, எங்களைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் வண்டியின் ஜன்னலில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். நாற்பது வருஷத்தில் எத்தனையோ பேர் என் வண்டிகளைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள், குனிந்து பார்த்திருக்கிறார்கள். மோந்து பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

"கோவிச்சுக்காதீங்ணா. சென்ட்டு, ஊதுவத்தி, கொசுவத்தி, பீடி எதும் இங்க ஆகாதுங்க. ஒரு கொசுவத்தி போதும், அத்தனை புழுவும் வாயை மூடிக்கும்" என்றார்.

சரோஜா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தென்னை மரங்களைப் பார்த்தேன்.

காலைக் கழுவச் சொல்லிப் புழு வளர்க்கும் கொட்டகைக்குள் கூட்டிப்போனார். உள்ளே நுழைந்ததும் நான் ஏமாந்துபோனேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது என்று நினைத்துவிட்டேன். மழை இல்லை. அடுக்கடுக்கான பரண்களில் விரல் நீளத்துக்கு வெள்ளைப் புழுக்கள் மல்பெரித் தழையைத் தின்கிற சத்தம். என் ஷெட்டில் எல்லோரும் சேர்ந்து வேலை செய்தால் அடுத்த தெருவில் யாரும் தூங்க முடியாது. இங்கே எண்ணவே முடியாத கூட்டம் ஒன்று ஒரு நிமிஷம் ஓயாமல் வேலை செய்கிறது, கேட்பவனுக்குத் தூக்கம்தான் வருகிறது. ருக்மணி ஒரு புழுவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உடம்பு லேசாகக் கண்ணாடிபோல் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது.

"நாளைக்கு விடியறப்பப் பழுத்துரும்" என்றார். பழுத்த புழு தின்பதை நிறுத்திவிடும். தலையைத் தூக்கிக் கூடு கட்ட இடம் தேடும். அப்போது ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சந்திரிகையில் விடவேண்டும். சந்திரிகை என்பது ஆள் உயர மூங்கில் தட்டி. அதில் மூங்கில் பட்டையைச் சுருள் சுருளாக வைத்திருப்பார்கள், சுருளின் இடுக்கில் புழு தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். சந்திரிகைகளை நனையாத, காற்றோட்டமான, நிழலான இடத்தில் நிமிர்த்தி வைக்கவேண்டும். அதற்குத்தான் வெளியே சவுக்குக் கம்பு நட்டு, தகரம் போட்டு, சுற்றிலும் ஈ நுழையாமல் வலை கட்டிய நீளமான பந்தல். புழுவின்மேல் முட்டையிட்டுக் கூட்டையே பாழாக்குகிற ஒரு ஈ உண்டாம்.

இவ்வளவும் கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டு நான் செய்த முதல் காரியம் அந்தப் பந்தலை இடித்தது.

வண்டியை நிறுத்த அவர் காட்டிய இடம் தென்னைகளுக்கு அப்பால், வெட்டவெளி. எனக்கோ பந்தலை ஒட்டியிருந்த புங்கமரத்து நிழல்மேல் கண். புது வண்டி, வெயில் பட்டால் மங்கிவிடாதா? அங்கேயே போட்டுக்கொள்கிறேன் அம்மிணி என்றேன். வண்டி உயரம் எத்தனை என்று கேட்டார். விரல் நுனியிலிருந்து எடுத்துச் சொன்னேன்.

"மேல ஒன்னு உக்காந்திருக்குதே, அதையும் சேத்தியா?"

"நாங்க வண்டி கட்டறவங்க, அம்மிணி" என்றேன். அது கேள்விக்குப் பதில் இல்லை என்பது எனக்கு இப்போது தெரிகிறது.

சரோஜாவைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு ரிவர்ஸ் போட்டேன். ஒரு கையால் ஸ்டியரிங்கைச் சுற்றியபடி, மறுகையை ஜன்னலில் ராஜா மாதிரி தொங்கப்போட்டு. (ருக்மணியும் மல்பெரி பறிக்கும் பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.) பின்னாலிருந்து தட்டுச் சத்தம் வந்தது. டப். ஒன்றுதானா என்று நான் யோசிப்பதற்குள் டப், டப். போகலாம் என்கிறாள் என்று போனேன். டப் டப் டப் டப். அடேயப்பா, இவ்வளவு இடம் இருக்கிறதா என்று இன்னும் கொஞ்சம் மிதித்தேன்.

பந்தலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த குறுக்குக் கம்பைத் தொட்டி கொக்கிபோல் பிடித்துக்கொண்டது. பந்தல் விழவில்லை. முதலில் என்கூடவே நடந்தது. இரண்டு எட்டு வந்தது. பிறகு களைத்துப்போன எருமைபோல முன்னங்கால் மடங்கி, பின்னங்கால் மடங்கி, தகரமெல்லாம் கலகலவென்று பேசியபடி உட்கார்ந்துவிட்டது.

இறங்கினேன். யார்மேலும் எதுவும் படவில்லை; அதுவரை புண்ணியம். பந்தலுக்குள் அடுக்கியிருந்த சந்திரிகைகளில் சிலது நொறுங்கியிருந்தன. நான் சரோஜாவைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு தட்டுன்னா நிறுத்து, ரெண்டுன்னா போன்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? எதுக்கு அத்தனை தட்டு?"

"மொதல்ல ஒன்னுதானுங்க தட்டுனேன். நீங்க நின்னிருந்தா நானும் அதோட நின்னிருப்பேன்" என்றாள்.

நியாயம்தான்.

அப்போதுதான் அது நடந்தது. பறிக்கும் பெண்களில் ஒருத்தி, ரகசியம் பேசுவதுபோல ஊருக்கே கேட்கும்படி, "நஞ்சப்பண்ணன் அனுப்புன ஆளுதானே இவுரு?" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. நாளைக்குப் பழுக்கப்போகிற புழு. அதை ஏற்ற இருக்கிற ஒரே பந்தல். புழு போனால் தோட்டம் நஞ்சப்பனுக்கு, நாலு வண்டி எனக்கு. நான் போலீஸாக இருந்தால் என்னைத்தான் பிடித்திருப்பேன்.

ருக்மணி கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். என் வாழ்க்கையில் பாதி திட்டு வாங்கியே கழிந்தது. அவர் நொறுங்கிய சந்திரிகை ஒன்றைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்ணா, ஒன்னு கேக்கறன். நெசத்தைச் சொல்லுங்க. அவுரு சொல்லித்தான் இடிச்சீங்களா?"

எந்த ஊர் ஆபீசரிடமும், எந்தக் கட்டப்பஞ்சாயத்திலும் வாய் அடைத்து நின்றவன் இல்லை நான். அன்று நின்றேன். இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நானே நம்பமாட்டேன். அப்போது சரோஜா வந்தாள்.

"அம்மிணி, இவுரு வேணும்னு செய்யற காரியம் ஒன்னுகூட இத்தனை சுத்தமா முடிஞ்சதில்லை" என்றாள்.

ருக்மணி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்கார்ந்திருந்த பந்தலைப் பார்த்தார். உதட்டு ஓரம் லேசாக அசைந்தது. "ஹௌது" என்று கன்னடத்தில் ஆமோதித்து, "நெசந்தான்" என்றார். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் என் மனைவி என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு வாக்கியத்தால்தான். அதற்கு நன்றி சொல்வதா கோபப்படுவதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

இருட்டுவதற்குள் பந்தலைத் தூக்கி நிறுத்துகிறேன் என்று சட்டையைக் கழற்றினேன். கம்புகள் அடியோடு முறிந்திருந்தன. நான் மூன்றாவது குழி தோண்டும்போது வானம் கறுத்து, உண்மையான மழையே வந்துவிட்டது. புழுக்கொட்டகைத் தாழ்வாரத்தில் பாதிச் சந்திரிகைகளை வைத்துவிடலாம். மீதிப் பாதிக்கு இடமில்லை. ஈரத்தில் வைத்தால் கூடு நூலாகாது. பழுத்த புழு காத்திருக்காது. கிடைத்த இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி வீணாகும். மழைக்கு ஒதுங்கி எல்லோரும் என் வண்டிக்குள் ஏறினோம்.

ருக்மணி ஈரக் கையை மேலே தூக்கிப் பார்த்தார்; கூரை எட்டவில்லை. பிறகு மழையில் இறங்கி ஓடி ஒரு சந்திரிகையைக் கொண்டுவந்து வண்டிக்குள் நிமிர்த்தினார். நின்றது. ஒரு விரல்கூட வளையாமல், அதற்காகவே கட்டியதுபோல நின்றது. பந்தலைச் சாய்த்த அதே உயரம். ஜன்னல் வலையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். விசிறியைப் போடச் சொன்னார். கடைசியாகப் பலகைச் சுவரில் மறுபடி மூக்கை வைத்தார்.

"பாலீஷ் அடிக்கலீங்களா?"

எனக்கு மானம் போயிற்று. அவசரத்தில் அடிக்காமல் கொண்டுவந்துவிட்டேன், அடுத்த வாரம் அடித்துவிடுவேன், என் ஷெட்டில் இப்படி அரைகுறை வேலை வெளியே போனதே இல்லை என்று என்னென்னவோ சொன்னேன்.

"அடிக்காம வுட்டீங்களே மவராசன்" என்றார் ருக்மணி. "அடிச்சிருந்தீங்கன்னா அந்த வாசத்துக்கே புழு செத்துப் போயிருக்கும்."

வண்டியில் புழுவை ஏற்றும் யோசனை என்னுடையது என்று நான் நாலு பேரிடம் சொன்னதுண்டு. ருக்மணியுடையது என்று சரோஜா சொல்வாள். நட்டுகளைக் கழற்றியவன் நான்தான், அதில் சந்தேகமில்லை. எவனாலும் அசைக்க முடியாது என்று ஷெட்டில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு நான் முறுக்கிய நட்டுகள். கட்டில், மேஜை, அடுப்பு எல்லாவற்றையும் கழற்றி மழையில் இறக்கும்போது, என் வேலையின் உறுதியை நானே பாராட்டி, நானே சபித்துக்கொண்டிருந்தேன். அசையவே அசையாமல் உள்ளேயே நின்றுபோனது ஒரே ஒரு வெல்வெட் ஸோபா. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சந்திரிகைகள் வந்து சேர்ந்தன. இடித்தவன் யார் என்று பார்க்கவே பாதிப் பேர் வந்தார்கள் என்று நினைக்கிறேன்.

ஆக, ஒரு ராத்திரி கேரவனில் தங்கப் போன நாங்கள் தழை வைக்கிற அறையில், ஈரச் சாக்குகளுக்கு நடுவே படுத்துக்கொண்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் புழு தின்கிற அந்த மழைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. விடியும்போது நின்றுவிட்டது. அந்த அமைதிதான் என்னை எழுப்பியது.

நான் போய்ப் பார்த்தபோது ருக்மணி ஏற்கெனவே பொறுக்கிக்கொண்டிருந்தார். பரண் முழுக்கப் புழுக்கள் தலையைத் தூக்கி, இல்லாத ஏதோ ஒன்றைத் தேடி ஆட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் உரித்த திராட்சைபோல உள்ளே வெளிச்சம் தெரிய நின்றது. அந்தம்மாள் கை போன வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பழுத்ததை மட்டும் எடுக்கிறார், பழுக்காததை விடுகிறார், ஒன்றைக்கூட அழுத்தவில்லை. வெல்டிங் பொறி பட்டுப்பட்டு மரத்துப்போன என் விரலில் புழு இருக்கிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. நான் ஒன்று எடுப்பதற்குள் அவர் தட்டையே காலி செய்துவிட்டார். பொழுது ஏறுவதற்குள் என் வீட்டு வண்டியில் இரண்டு பக்கமும் சந்திரிகைகள் வரிசையாக நின்றன. திரையை இழுத்து இருட்டாக்கினோம். வெளிச்சம் உறுத்தினால் கூடு சரியாக வராதாம்.

ஒரு விஷயத்தை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. கூடு கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு புழுவும் கடைசியாக ஒரு சொட்டு மூத்திரம் விடும். ஒவ்வொன்றும். அந்த வெல்வெட் ஸோபாவைப் பற்றி இதற்கு மேல் நான் எழுத விரும்பவில்லை.

அந்த நேரத்தில் நஞ்சப்பன் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் ஒரு தோல்பை. முதலில் உட்கார்ந்திருந்த பந்தலைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். உடனே அதை மடித்து உள்ளே வைத்துவிட்டு, "அடடா, என்னுங்க அண்ணி இப்படி ஆயிப்போச்சு" என்றார். அண்ணி என் வண்டியைக் காட்டினார். நஞ்சப்பன் கதவைத் திறந்து தலையை நீட்டினார். மேலேயிருந்து ஒரு புழு அந்த வெள்ளைச் சட்டையின் தோள்மேல் விழுந்து, தன் கடைசிக் கடமையை அங்கேயே முடித்துக்கொண்டது.

அவர் துடைத்துக்கொண்டே என்னைத் தனியே கூப்பிட்டார். இதெல்லாம் அண்ணியின் கூத்து, நீங்கள் எதற்கு இதில் மாட்டிக்கொள்கிறீர்கள், அட்வான்ஸோடு வந்திருக்கிறேன் என்றார். அதற்கெல்லாம் நான் மசியவில்லை என்பதை என் எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அவர் அடுத்துச் சொன்னதுதான் என்னைக் கவிழ்த்தது.

"பழைய ஸ்கூல் வண்டிதானுங்ணா? மேல ஜோரா கட்டிட்டீங்க. இன்ஜின் இழுக்குமா, இல்ல இருமுமா?"

என் வண்டியா இருமும்? நான் கையால் இறக்கி, கையால் ஏற்றிய இன்ஜின். ஒரு சாவித் திருகலில் வெண்ணெயாகக் கிளம்பும். இதோ கேளுங்கள் என்று நேராகப் போய் டிரைவர் சீட்டில் ஏறிச் சாவியைப் போட்டேன். பின்னால் அத்தனை உயிரும் முதல் நூலை இழுக்கத் தொடங்கியிருந்தன. வண்டி ஒரு உலுக்கு உலுக்கினால் பாதி கீழே விழுந்துவிடும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நொடியில் தெரியவில்லை. இருமும் என்று சொல்லிவிட்டாரே என்பது மட்டும்தான் தலைக்குள் இருந்தது.

டப்.

பாடியில் ஒரு தட்டு. நான் சாவியைப் பிடித்தபடி காத்திருந்தேன். இரண்டாவது வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். சரோஜா உள்ளங்கையை வண்டியின்மேல் வைத்தபடி நின்றிருந்தாள். எடுக்கவில்லை. அவளுக்குப் பின்னால் ருக்மணி. அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாவியை உருவினேன். இறங்கிப் போய் ருக்மணியின் கையில் கொடுத்தேன். "இருமுங்க நஞ்சப்பா. நல்லா இருமும். நீங்க வேற எடத்துல பாத்துக்கோங்க" என்றேன். என் வாயால் என் வேலையைக் குறைத்துச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

கூடு அறுக்கும்வரை அங்கேயே இருந்தோம். இடித்த இடத்தில் இரும்புச் சட்டத்தில் ஒரு பந்தல் கட்டிக் கொடுத்தேன். பெரிய காற்றே வந்தாலும் அசையாது. தொட்டியோடு என் வண்டி உள்ளேயே போய்வரலாம். அறுக்கிற அன்று வண்டிக் கதவைத் திறந்தோம். நான் கோயில்களில் கருவறைத் திரை விலகுவதைப் பார்த்திருக்கிறேன். இதுவும் அப்படித்தான் இருந்தது. சுருளுக்குச் சுருள் வெள்ளை வெளேரென்று கூடுகள், மேலிருந்து கீழ்வரை. ஒரு சிறு பூச்சி, கையில்லை, காலும் ஏதோ பேருக்குத்தான், அளவுகோல் இல்லை, வெல்டிங் இல்லை; வாயிலிருந்து நூலை இழுத்துத் தனக்கு அளவாக, கதவே இல்லாத ஒரு பாடி கட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்றுக்கொன்று ஒரு நூல் வித்தியாசம் தெரியவில்லை. இந்தத் தொழிலில் எனக்கு மேல் ஒருவன் இருக்கிறான் என்று நான் ஒப்புக்கொண்ட ஒரே சந்தர்ப்பம்.

ருக்மணி ஒரு கூட்டைக் காதருகே ஆட்டிப் பார்த்தார். உள்ளே லேசாக ஆடும் சத்தம் கேட்டது; கூடு நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தமாம். அப்போதுதான் அந்தம்மாள் கீழே உட்கார்ந்தார். வந்ததிலிருந்து அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்து, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். சரோஜா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் அவசியமே இல்லாமல் ஒரு டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராமநகரத்துச் சந்தையில் அந்தக் கூட்டை வாங்க வியாபாரிகள் முண்டியடித்ததாகப் போன் வந்தது. நஞ்சப்பன் பேச்சுப்படி வாய் திறக்கவில்லை. இப்போது அவரே கூட்டைச் சந்தைக்கு ஏற்ற ஆள் அனுப்புகிறாராம். அந்த இரும்புப் பந்தலைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தோட்டக்காரர்களும் என்னிடம் வந்தார்கள். இன்று அந்தத் தாலுகாவில் நல்ல புழுப் பந்தல் எது என்று கேளுங்கள், என் ஷெட் பேரைத்தான் சொல்வார்கள். நாலு வண்டி போனது, போகட்டும்.

வீட்டு வண்டியை விற்கவில்லை. எத்தனை தடவை கழுவியும் ஸோபாவின் வாசனை போகவில்லை, வாங்க வந்தவர்கள் மோந்து பார்த்தே போய்விட்டார்கள். திரைக் கம்பியின் மூலையில் வழி தவறிய ஒரு புழு கட்டிய கூடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை எடுக்க நான் யாரையும் விடுவதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை அதே தோட்டத்துக்குப் போகிறோம். வாசலில் ருக்மணி மோந்து பார்ப்பார். "மேல உக்காந்திருக்கறதையும் சேத்தி அளந்தீங்களாண்ணா?" என்பார். பறிக்கும் பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

வீட்டில் கதை வேறு மாதிரி நிலைத்துவிட்டது. மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் நான் லாரியில் ஏறிய காலத்திலிருந்து ஆரம்பித்தேன். ஷெட் வரைக்கும் வந்து, வண்டி கட்டுவதில் கர்நாடகத்திலேயே என்று வாயெடுத்தபோது, சரோஜா காப்பித் தட்டை வைத்துவிட்டு மேஜையில் கையால் ஒரு தட்டுத் தட்டினாள். ஒன்றுதான். நிறுத்திவிட்டேன். மாப்பிள்ளைக்கு அதன் அர்த்தத்தை மகள் பிறகு சொல்லியிருக்கிறாள் போல. இப்போது அவரும் தட்டுகிறார். பேத்திக்கு இன்னும் பேச்சு வரவில்லை, தட்ட வந்துவிட்டது.

இதையெல்லாம் எழுதி முடித்துச் சரோஜாவுக்குப் படித்துக் காட்டினேன். பந்தல் நடந்து வந்த இடத்தில் சிரித்தாள். ருக்மணி உட்கார்ந்த இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாள். கடைசியில், அன்று நானாகவே சாவியை எடுத்திருப்பேன், நீ தட்டியிருக்கவே வேண்டாம், எனக்கு எப்போதுமே எங்கே நிறுத்துவது என்று

டப்.